குடாவின் மதகு

— அதை வாசல்லயே வை. வீட்டுக்குள்ள கொண்டு வராத.

— வெயில்ல வச்சா செத்துப் போயிடும்க்கா. எனக்கு உயிரோட வேணும். அளந்து முடிச்சதும் எடுத்துட்டுப் போயிடறேன்.

— உயிரோட வேணுமாம். இந்தக் கப்பல் சிப்பி எப்படா சாகும்னு ஊரே காத்துக் கிடக்கு, இவளுக்கு மட்டும் உயிரோட வேணுமாம். அது என் வாளிதானே? மட்டி அள்ளுற வாளி.

— கழுவித் தர்றேன்.

— கழுவி வச்சு என்ன பண்ண? மட்டி இருந்தாதான் வாளிக்கு வேலை. சரி, மெதுவாப் பேசு. உன் பொண்ணு இப்பதான் கண் அசந்தா. காலையில இருந்து ஒரே அழிச்சாட்டியம். பல்லு வருது போல, கையில கிடைச்சது எல்லாம் வாய்க்குள்ள போகுது. செருப்பைக்கூட விடல.

— கஞ்சி குடிச்சாளா?

— குடிச்சா. பாதி அவ வயித்துல, மீதி என் தலையில. நீ ஏதாவது சாப்பிட்டியா?

— பசிக்கலக்கா.

— பசிக்காது. விடிஞ்சதும் தண்ணியில இறங்குனவ, இன்னும் துணிகூட மாத்தல. எங்க எடுத்த இதை? மதகு ஓரத்துலயா?

— இல்ல. குடாவோட நட்ட நடுவுல.

— நடுவுலயா?

— போன தடவை பார்த்தப்ப மதகு ஓரத்துலதான் அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்துச்சு. இப்ப நடுவுல பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா ஒரு கொத்தே கூட வருது. நாரு விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு. அதுக்கு அடியில கையை விட்டேன். சேறு கறுத்துப் போச்சுக்கா. அழுகுன முட்டை நாத்தம். நம்ம மட்டி எல்லாம் அதுக்குள்ள வாயைத் திறந்தபடி கிடக்கு.

— எல்லாமுமா?

— என் கையில தட்டுப்பட்டது எல்லாம்.

— இரு. நான் உட்கார்ந்துக்கறேன்.

— தண்ணி தரவா?

— வேணாம். நேத்துக்கூட பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, நடுவுல ஒண்ணும் ஆயிருக்காதேன்னு. ஆயிருக்காதுடின்னு பெரிய இவளாட்டம் சொன்னேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தெரியாமலா சொன்னேன்? ஒரு மாசமா குடாவுக்குள்ள கால் வைக்கும்போதே அடியில ஏதோ நறநறங்குது. சொன்னா நிஜமாயிடுமோன்னு சொல்லல.

— இன்னைக்கு இடுப்பளவு தண்ணியில நின்னேன். என் கால்விரல் தெரிஞ்சுதுக்கா.

— ஐயோ.

— ஆமா.

— காயல்ல இது முதல்ல வந்தப்பவும் அப்படித்தானே? தண்ணி தெளிஞ்சிடுச்சு, அடி தெரியுது, எப்பவோ தொலைஞ்ச கத்தி தெரியுதுன்னு ஊரே கரையில நின்னு வேடிக்கை பார்த்துச்சு. என்னமோ நல்ல காலம் பிறந்த மாதிரி. நீ ஒருத்திதான் தலையில கையை வச்சுக்கிட்டு நின்ன. தண்ணியில இருக்கற பச்சையை எல்லாம் இது குடிச்சுத் தீர்த்துடுச்சு, இனி மீன் குஞ்சு எதைத் தின்னும்னு கேட்ட. படிச்சவ, நல்லதைக்கூட கெட்டதாத்தான் பார்ப்பான்னு நான் சிரிச்சேன்.

— அதை விடு.

— எப்படி விடுறது? அடுத்த வருஷம் வலையில மீனுக்குப் பதிலா சிப்பிதான் வந்துச்சு. எங்கயோ இருந்து வந்த கப்பலோட அடிவயித்துல ஒட்டிக்கிட்டு வந்தது. டிக்கெட்டும் இல்ல, கேள்வியும் இல்ல. வந்ததும் இல்லாம நம்ம வீட்டுக் கட்டில்லயே நீட்டிப் படுத்துக்கிச்சு. ஏதாவது மருந்து இருக்கும்ல? இத்தனை பேர் உங்க ஆய்வு நிலையத்துல உட்கார்ந்திருக்கீங்க.

— இதைக் கொல்ற மருந்து மட்டியையும் கொல்லும், நண்டையும் கொல்லும்.

— நாங்க எல்லாரும் இறங்கி சுரண்டி எடுத்தா?

— சுரண்டுனா பதறிப்போய் முட்டையைத் தண்ணியில விட்டுடுதுக்கா. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு, தண்ணி போற பக்கம் எல்லாம் போகும். ஒண்ணைப் பிடுங்கப் போய் ஓராயிரத்தை விதைச்சுட்டு வர்ற கதைதான்.

— மழைத்தண்ணி? ஆத்து வெள்ளம் வந்தா காயல்ல கொஞ்சம் சாகுதே.

— காயல்ல சாகும். வெள்ளம் வடிஞ்சதும் மிச்சம் இருக்கறது மறுபடி நிரப்பிடும். குடாவுக்கு அதுகூட இல்ல, அது கடல் பக்கம் இருக்கு, உப்பு இறங்காது.

— அப்ப?

— அப்ப ஒண்ணும் இல்லக்கா. நான் அளந்துக்கிட்டு இருப்பேன், அது வளர்ந்துக்கிட்டு இருக்கும். அவ்வளவுதான்.

— இதைச் சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?

— அப்படித்தான் ஆயிடுச்சு.

— கோபப்படாத. உன்னைச் சொல்லல. எதைச் சொல்றதுன்னு தெரியாம உன்னைச் சொன்னேன்.

— காயல் போச்சுன்னப்பகூட எனக்கு இப்படி இல்லக்கா. அது யாரும் பண்ணது இல்ல. குடா அப்படியா? அதை நாம காப்பாத்தி வச்சிருந்தோம். காயல் முழுக்க இது மூடிக் கிடந்தப்பவும் நம்ம குடாவுல ஒரு கப்பல் சிப்பிகூட கிடையாது. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க பார்த்துட்டு நம்ப மாட்டேன்னாங்க. என்ன பெருசா பண்ணோம்? குடாவையும் காயலையும் சேர்க்கறது அந்த ஒரே ஒரு கால்வாய். அதுல ஒரு மதகு. குடாத் தண்ணி வெளியே ஓடும்போது மட்டும் பலகையைத் தூக்கணும். காயல் தண்ணி உள்ள ஏறும்போது போட்டுடணும். படகு உள்ள வரக் கூடாது. கூடையை வெயில்ல காய வச்சுத்தான் கொண்டு போகணும், காலைக் கழுவிட்டுத்தான் இறங்கணும். இவ்வளவுதானே?

— எங்களுக்கு எதுக்குடி ஒப்பிக்கற? தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவோம். மதகுக்காரி விட்டுடுவாளா என்ன? உங்க பெரிய ஆபீசர் வந்தாரே, பளபளன்னு பூட்ஸ் போட்டுக்கிட்டு. கழட்டுங்க ஐயான்னா. அவர் கழட்டி கையில வச்சுக்கிட்டு வெறுங்காலோட நின்னார். அதையும் கழுவுங்க ஐயான்னா. பாவம் மனுஷன், பூட்ஸையும் கழுவி, காலையும் கழுவி, கடைசியில மூஞ்சியையும் கழுவிக்கிட்டார்.

— அவங்க கூடப்பிறந்த தம்பி படகையே திருப்பி அனுப்பினவங்க.

— அவன் அதுக்கப்புறம் அவ வீட்டு வாசப்படி மிதிக்கல.

— அப்பேர்ப்பட்டவங்க வீட்டுக்காரர்தான் உள்ள படகை விட்டிருக்கார். அதைத்தான் என்னால தாங்க முடியல.

— ஆரம்பிச்சுட்டியா.

— அளவைப் பாருக்கா. பெருசு எல்லாம் ஒரே வளர்த்தி. போன மழைக்கு உள்ள வந்ததுங்க. நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தேனே, அந்த மழை. நான் இல்லாத நேரம் பார்த்து வேலையை முடிச்சிருக்கார்.

— நேரம் பார்த்துத்தான் பண்ணார்னு நீ கண்டியா?

— மதகு தூண்ல நீலப் பெயின்ட் உரசியிருந்துச்சு. இந்தக் கரையில நீலப் படகு யாருக்கு இருக்கு? ஆபீசர் கூப்பிட்டுக் கேட்டார். ஆமா, நான்தான்னு ஒத்துக்கிட்டார். எதுக்குப் போனீங்கன்னு கேட்டதுக்கு, வழி கிட்டன்னு போனேன்னாராம். வழி கிட்ட. ஒரு கூடை நண்டைச் சந்தைக்குச் சீக்கிரம் கொண்டு போகறதுக்கு, ஊரோட சாப்பாட்டையே அழிச்சிருக்கார்.

— நண்டுன்னு அவர் சொன்னாரா?

— வேற எதுக்கு இருக்கும்? நீங்க எல்லாரும் என்கிட்ட என்ன சொன்னீங்க? வெள்ளம் வந்து பலகை உடைஞ்சதுன்னீங்க. நான் நம்புனேன். நேத்து ஷெட்டுக்குப் பின்னாடி அந்தப் பழைய பலகையைப் பார்த்தேன். கோடாலி வெட்டுக்கா. வெள்ளம் எந்த ஊர்லயாவது கோடாலி எடுத்துக்கிட்டு வருமா?

— இரு, குழந்தை புரளுறா போல.

— நீயும்தானே சொன்ன, வெள்ளம்னு?

— சொன்னேன்.

— ஏன்?

— எல்லாரும் சொன்னாங்க, சொன்னேன்.

— மட்டி அள்ளுற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கல. தண்ணி குடிக்கறியான்னு கேட்டாங்க, குழந்தை எப்படி இருக்கான்னு கேட்டாங்க. படகைப் பத்திக் கேட்டா உடனே அடுப்புல ஏதோ தீயுது. எல்லார் வீட்லயும் ஒரே நேரத்துல தீயுமாக்கா?

— மனுஷன்தான் தண்டனை அனுபவிச்சிட்டாரே. படகை உங்க ஆபீஸ் வாசல்ல கவுத்துப் போட்டு வெயில்ல காய விட்டிருக்கீங்க. மரமெல்லாம் வெடிச்சிருக்கும் இந்நேரம். சொந்தப் படகு வச்சிருந்தவர் இப்ப ஐஸ் ஃபேக்டரியில பாளம் தூக்குறார். அந்த முதுகுக்கு அது ஆகுமா?

— நாளைக்குக் கூட்டம் இருக்கு. அவரை இனிமே காயல் பக்கமே இறங்க விடலாமா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க.

— நீ என்ன சொல்லப் போற?

— விடக் கூடாதுன்னு சொல்லப் போறேன்.

— யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்க என்ன இருக்கு? இது வெறும் தப்பு இல்லக்கா. தெரியாமப் பண்ணாதான் தப்பு. இவருக்கு எல்லாம் தெரியும். பொண்டாட்டியே மதகு காக்கறா. இப்படி ஒருத்தரை விட்டா நாளைக்கு...

— சத்தம் போடாத. வாசல்ல யாரோ. யாரது?

— நான்தான்.

— வா மதகுக்காரி. ஏன் அங்கயே நின்னுட்ட? உள்ள வா.

— வேணாம், கால் எல்லாம் சேறு. நீ இப்பதான் கூட்டித் துடைச்சிருப்ப. உன் தங்கச்சி இருக்காளா? அவளைப் பார்க்கத்தான் வந்தேன்.

— இருக்கேன். சொல்லுங்க.

— முன்னாடி எல்லாம் சொல்லுங்க அண்ணிம்ப. பரவாயில்ல. இந்தா தங்கச்சி, இதைக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

— என்ன இது?

— மதகுக் கொக்கி. பலகை தூக்குறது. கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருந்தேன். போகும்போதும் வரும்போதும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. இனிமே அந்தப் பலகையைத் தூக்குனா என்ன, போட்டா என்ன? ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி ஆயிடுச்சு. உங்க ஆபீஸ்ல எங்கயாவது போட்டு வை.

— படகைப் பத்திப் பேச வந்திருந்தா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

— படகைப் பத்தி நான் ஒண்ணும் கேட்கலையே.

— நாளைக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் செய்வேன்.

— சொல்லு. உன் வேலை அது. அவர்கிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீங்கன்னு. அவர் எங்க பேசுவார்? பேசத் தெரிஞ்சிருந்தா என்னையா கட்டியிருப்பார்.

— எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாமலா அவர் படகை விட்டார்?

— தெரியும்.

— தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?

— சும்மா இருக்கல.

— தடுத்தீங்களா?

— அதை விடு தங்கச்சி. நடந்து போச்சு. எங்க பக்கம்தான் தப்பு, அப்படியே வச்சுக்க. வாளியில இருக்கறது குடாவுல எடுத்ததா?

— ஆமா.

— பார்க்கட்டுமா... அம்மாடி. இவ்வளவு பெருசா வளர்ந்துடுச்சா.

— நடுவுல முழுக்க இதான். அடியில மட்டி எல்லாம் செத்துப் போச்சு.

— ம்.

— உங்களுக்கு ஒண்ணும் தோணலையா அண்ணி?

— என்ன தோணணும்? நான் கல்யாணம் ஆகி வந்த மறுநாள் இறங்குன குடா அது. எங்க கால் வச்சா எது இருக்கும்னு என் பாதத்துக்குத் தெரியும். இப்ப இறங்கறதே இல்ல. அவ்வளவுதான்.

— நீ ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கற, மதகுக்காரி? இன்னும் ஆறலையா?

— பழைய வெட்டுதானே, எங்க போயிடும்? மேல மூடிடும், உள்ள விண்ணுவிண்ணுன்னு இருக்கும். பனிக் காலத்துலதான் கொஞ்சம் படுத்தும். தங்கச்சி, பாப்பா தூங்குறாளா?

— தூங்குறா.

— ஒரு தடவை தூக்கிக்கவா? கையைக் கழுவிக்கறேன். எழுப்ப மாட்டேன்.

— வேணாம். இப்பதான் தூங்குனா.

— சரி சரி. தூங்கட்டும். இங்க இருந்தே தெரியுது. கால் ரெண்டையும் எப்படி மடக்கி வச்சிருக்கு பாரு, தவளைக் குஞ்சு மாதிரி. நல்லா இருக்கட்டும். நான் வர்றேன்.

— இரு, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ.

— இன்னொரு நாளைக்கு. அவர் வர்ற நேரம். முதுகுக்கு வெந்நீர் போட்டு வைக்கணும்.

— போயிட்டாங்களா?

— போயிட்டா. காலை இழுத்துக்கிட்டே தெருமுனை திரும்பிட்டா. குழந்தையைக் கொடுத்திருந்தா உனக்கு என்னடி குறைஞ்சு போயிருக்கும்?

— எனக்கு மனசு வரலக்கா. கொக்கியைக் கொண்டு வந்து வச்சா எல்லாம் சரியாப் போச்சா?

— உட்காரு.

— நேரம் ஆகுது. இன்னும் பாதி அளக்கணும்.

— அதை அப்படி வச்சுட்டு உட்காருன்னேன். நான் ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம், எல்லாரும் சேர்ந்து. இன்னைக்கு அவ வாசல்ல நின்ன நிலையைப் பார்த்தப்புறம் என்னால வாயைக் கட்டி வச்சிருக்க முடியாது. நடுவுல கேள்வி கேட்காத. நிறுத்துனேன்னா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

— என்னக்கா?

— மதகை அவர் உடைக்கல.

— அவரே ஒத்துக்கிட்டாரே.

— ஒத்துக்கிட்டார். உடைச்சது மதகுக்காரி.

— யாரு? இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்களா?

— அவளேதான். கோடாலியை எடுத்து அவ கையால வெட்டினா. நான் பக்கத்துல நின்னேன். மட்டி அள்ளுற எல்லாரும் நின்னோம்.

— எதுக்கு?

— கேளுன்னு சொன்னேன்ல. அன்னைக்கு மழைன்னா அப்படி ஒரு மழை. சாயங்காலம்தான், ஆனா பக்கத்துல நிக்கற ஆள் முகம் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போற பாலத்து மேல இடுப்பளவு தண்ணி. இந்தப் பக்கம் ஒரு உயிர் போய்க்கிட்டு இருந்துச்சு. நினைவு இல்ல. மூச்சு மட்டும் இருக்கா இல்லையான்னு மூக்குல விரலை வச்சு வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தோம். படகுக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அந்த மனுஷன் போட்ட சோத்தை அப்படியே வச்சுட்டு எழுந்து வந்தார். அந்த வருஷம் பூரா காயல்லயே கிடந்த படகு, அடியில கப்பல் சிப்பி கை மொத்தத்துக்கு அப்பியிருக்கு. அதைச் சுரண்ட நேரம் ஏது? பாயை விரிச்சுப் படுக்க வச்சோம்.

— காயல் வழியா சுத்திப் போயிருக்கலாமே.

— அந்தக் காத்துலயா? முதல்ல அப்படித்தான் போனார். கரையை விட்டு நகர்ந்ததும் படகு ஒரு பக்கமா சாஞ்சுது. முழுகித்தான் போகும். திரும்பி வந்தார். குடாவுக்குள்ள நுழைஞ்சா அலை இல்ல, எதிர்க்கரை கூப்பிடு தூரம். ஏறினா ஆஸ்பத்திரி ரோடு. அது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் சொல்லல. மதகு முன்னாடி வந்து அவர் துடுப்பை நிறுத்திட்டார். பொண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார். அவ மதகு மேல நனைஞ்சுக்கிட்டு நிக்கறா. காயல் தண்ணி உள்ள ஏறுற நேரம், பலகையில முட்டிக்கிட்டு நிக்குது. திறந்தா என்ன ஆகும்னு தெரியாதவங்க அங்க யாரும் இல்ல. நீ சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

— அப்புறம்?

— அவ எங்களைப் பார்த்தா. ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தா. நம்ம எல்லாரோட சோறும் இதுக்குள்ளதான் இருக்கு, ஒருத்தி வேணாம்னாலும் இப்பவே சொல்லிடுங்கன்னு கேட்டா. யாரும் வேணாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. நான் அழுதுக்கிட்டு இருந்தேன். அவ கொக்கியைப் போட்டு இழுத்தா. பலகை ஊறிப் போய் அசையல. ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையல. கோடாலி கொண்டான்னா. வெட்டினா. ஒவ்வொரு வெட்டுக்கும் அவ வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அதை நான் எப்படிச் சொல்ல? தன் சொந்தக் கதவை வெட்டுற மாதிரி.

— தண்ணி உள்ள ஏறியிருக்குமே.

— ஏறுச்சு. படகையும் தூக்கிக்கிட்டு ஏறுச்சு. தூண்ல உரசிக்கிட்டுத்தான் உள்ள போச்சு. ஆனா குடாவுல ஆழம் பத்தல, மணல்மேட்டுல தட்டி நின்னுடுச்சு. எல்லாரும் குதிச்சோம். தோள் கொடுத்துத் தள்ளினோம். அடியில மணல் உரசுது, சிப்பி பொலபொலன்னு உதிருது. உதிர்றது கையில தெரியுது, காலைக் கிழிக்குது. தெரிஞ்சுதான் தள்ளினோம். மதகுக்காரி பாதத்துல அன்னைக்கு விழுந்த வெட்டுதான் அது. எலும்பு தெரிஞ்சுது. எதிர்க்கரையில ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஏத்திக்கிட்டார். அவர் யாரு, எந்த ஊருன்னுகூட கேட்கத் தோணல.

— பொழைச்சாங்களா?

— பொழைச்சுது.

— மதகை மறுபடி மூடலையா?

— மூடாம? மூட்டை மூட்டையா மண்ணை அடுக்கினோம். தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு. மழை விட்டதும் மணல்ல முட்டி போட்டு, உதிர்ந்த சிப்பியை ஒண்ணொண்ணாப் பொறுக்கினோம். கையெல்லாம் ரத்தம். பொறுக்கி முடிச்சுட்டோம், ஒண்ணுகூட இல்லன்னு மதகுக்காரி சொன்னா. அவளுக்கே நம்பிக்கை இல்ல. ஆனாலும் சொன்னா.

— என்கிட்ட ஏன்க்கா மறைச்சீங்க? நடந்ததை நடந்த மாதிரி சொல்லியிருந்தா நான் ஆபீசர்கிட்ட எடுத்துச் சொல்லியிருப்பேனே. ஒரு உயிரைக் காப்பாத்தப் போனாங்கன்னா யாரும் படகைப் பிடிச்சு வச்சிருக்க மாட்டாங்க.

— காரணத்தைச் சொன்னா யாருக்காகன்னு கேட்பாங்க. அது பொழைச்ச ஆள் காதுக்குப் போகும். அதான் அவர், வழி கிட்டன்னு ஒரு வார்த்தையோட முடிச்சுக்கிட்டார்.

— போனா என்ன? பொழைச்சதுக்கு நன்றி சொல்லியிருப்பாங்க.

— மதகுக்காரி அப்படிப் பார்க்கல. இந்தக் குடா போனா நம்ம சோறுதான் போகும், வேற எங்கயாவது போய் வேலை செஞ்சுக்கலாம். ஆனா, நம்மால இத்தனை பேர் சோத்துல மண் விழுந்துச்சேன்னு பொழைச்சு வந்த உயிருக்குத் தோணிடக் கூடாது, ஒரு நாளும் தோணிடக் கூடாதுன்னா. அது நம்மகூடவே போகட்டும்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா. முதல்ல என் கையைத்தான் பிடிச்சா.

— யாருக்கா அது? அவங்க மாமியாரா?

— இல்ல.

— பக்கத்து வீட்டுத் தாத்தாவா? அவருக்குத்தானே அப்ப நெஞ்சு வலி.

— அவருக்குக் கோடையில.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்த மழையில யாரா இருந்தாலும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கலாம். பாலம் முழுகினா அவங்களுக்கு வேற வழி தெரியும். அதே மழையிலதானே எனக்கும் ஆம்புலன்ஸ் வந்துச்சு.

— உனக்கு எங்கடி ஆம்புலன்ஸ் வந்துச்சு?